பெசாலுப் பாலமும் ஐம்பதாவது ஆளும்

நான் பாரிசில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். பக்கத்துக் கடை சுகந்தனுடையது. முன்பக்கம் போன் வியாபாரம், பின்பக்கம் பஸ் சுற்றுலா. வருடத்துக்கு ஆறேழு தடவை ஒரு பெரிய பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, நம்மவர்களை ஏற்றிக்கொண்டு போய் லூர்து, உரோமாபுரி, வெனிஸ், ஸ்பெயின் என்று காட்டிவிட்டு வருவான். நம்மவர்கள் போகிற பஸ் என்றால் சாப்பாடும் நம்முடையதாக இருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பாண் ரொட்டியும் சீஸும் சாப்பிடச் சொன்னால் எந்தக் கோபுரமும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பஸ்ஸின் அடிப்பெட்டியில் உடுப்புப் பெட்டிகளோடு அடுப்பும் காஸ் சிலிண்டரும் இரண்டு கிடாரங்களும் போகும். அவற்றைக் கட்டி மேய்க்க, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் போவார்.

அக்காவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்து கனகாலம். மகன் கனடாவில். அவர் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் ஓர் அறையில் இருந்தார். விடிய முதல் ரயில் பிடித்து வந்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பகல் வரை இடியப்பம் பிழிவார். அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பின்னறையில் சட்டி கழுவினார். இடியப்ப உரல் ஒரு தோளை எடுத்துக்கொண்டது, சட்டி கழுவிய ஈரம் இரண்டு முழங்கால்களையும் எடுத்துக்கொண்டது. அதை அவரே ஒரு தகவல் போலத்தான் சொல்லுவார். முறைப்பாடு சொல்லுகிற ஆள் இல்லை.

ஒன்பது வருடம் சுகந்தனின் பஸ்ஸில் போய் வந்தார். நானும் பல தடவை அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறை எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண், "நீங்கள் உலகம் முழுக்கச் சுத்தினனீங்கள் அக்கா, குடுத்து வைச்சனீங்கள்" என்றாள். அக்கா ஒரு சோடித் தோட்டுக்குச் சுரை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றார். "ஓம் பிள்ளை. எந்த ஊரிலை பைப் எங்கை கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். வெனிஸ் என்றால் அவருக்குக் காற்றடிக்கிற ஒரு பெரிய வாகனத் தரிப்பிடம், அடுப்பு நின்று எரியாது. உரோமாபுரி என்றால் பொலிஸ் வந்து சிலிண்டரைத் தூக்கச் சொன்ன இடம். நாங்கள் இறங்கிப் படம் எடுக்கப் போவோம், அவர் சோறு வடிப்பார். நாங்கள் வந்து மூக்கு முட்டச் சாப்பிடுவோம், அவர் கழுவுவார். அவர் கழுவி முடிக்கப் பஸ் வெளிக்கிட்டுவிடும்.

பெசாலு மட்டும் அவருக்கு வேறு மாதிரி. ஸ்பெயினின் வடக்கு மூலையில், பிரெஞ்சு எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத சின்னப் பழைய ஊர் அது. ஃப்ளூவியா என்ற ஆறு ஊரைச் சுற்றிப் போகிறது. ஆற்றின் மேல் நூற்றாண்டுகள் பழைய கல்பாலம், அதன் நடுவில் ஒரு கோபுர வாசல். மற்ற ஊர்களில் பஸ் நிற்கிற இடத்துக்கும் பார்க்கிற இடத்துக்கும் இரண்டு கிலோமீற்றர் இருக்கும். பெசாலுவில் பஸ் நின்ற இடத்திலிருந்தே பாலம் தெரியும். அக்கா கறியைத் துழாவிக்கொண்டே அதைப் பார்த்தார். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் அங்கிருந்தே பார்த்தார்.

நாலாவது தடவை போவதற்கு இரண்டு கிழமை முன்பு அவர் சுகந்தனின் கடைக்கு வந்து சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் அங்கே நின்றேன்.

"தம்பி, இந்தமுறை நான் அந்தப் பாலத்தாலை ஒருக்கால் நடந்து போக வேணும். உள்ளுக்கை ஏதோ பழைய குளிக்கிற இடமும் இருக்காம். அதையும் பாக்க வேணும்."

"ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான் சுகந்தன். அவன் ஒருவருடைய போனின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு மணித்தியாலம் காணும்."

"அதுக்கென்ன அக்கா."

அவ்வளவுதான். என் காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது.

புரட்டாதி மாதம். வெள்ளி பின்னேரம் புறப்பட்டுச் சனி காலை பத்தரைக்குப் பெசாலுவில் இறங்கினோம். நாற்பத்தொன்பது பயணிகள், இரண்டு சாரதிகள், சுகந்தன், அக்கா. இந்த நாற்பத்தொன்பது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுகந்தன் ஆட்களை எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். அக்கா பயணிகள் எத்தனை பேரோ அத்தனை பேப்பர்த் தட்டுகளை, எங்கள் பேச்சில் கோப்பைகளை, எடுத்து வைப்பார். ஆளுக்கு ஒரு கோப்பையில் சாப்பாடு போகும். கோப்பை மிஞ்சினால் ஆள் குறைகிறது என்று அர்த்தம். நம்மவர்கள் எதைத் தவறவிட்டாலும் சாப்பாட்டைத் தவறவிடமாட்டார்கள் என்பதால் அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. பஸ் புறப்படும்போது சுகந்தன் முன்னாலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டு வருவான். நாற்பத்தொன்பது வந்ததும் நின்றுவிடுவான். அக்கா கடைசி வரிசையில் பெட்டிகளோடு இருப்பார். அவன் எண்ணுவது அவ்வளவு தூரம் போவதில்லை.

அன்றைக்கு வேலையைச் சுருக்க வேண்டும் என்று அக்கா வியாழக்கிழமையே எல்லாவற்றையும் பாரிசில் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். புளிச்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, கோழிக்கறி. சூடாக்கினால் போதும், பதினொன்றுக்கு முடித்துவிட்டுப் போகலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் புரட்டாதிச் சனி. பஸ்ஸில் பாதிப் பேர் விரதம். கோழிக்கறிச் சட்டியும் மரக்கறிச் சட்டியும் ஒரே அடுப்பில் வைக்கக் கூடாது என்று ஒரு மாமி பிடிவாதம் பிடித்தார். ஒன்றை இறக்கி, அடுப்பைக் கழுவி, மற்றதை ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் வேண்டும். ஒருவருக்கு மாத்திரை போடச் சோறு முந்தி வேண்டும்.

நான் பாலத்தைப் பார்க்கப் போனேன். மனைவி கோசலை பாலத்தில் நின்று பதினேழு படம் எடுத்தாள், நானும் பின்னால் நின்றேன். கோபுர வாசலைத் தாண்டி ஊருக்குள் போனோம். சின்னச் சின்னத் தெருக்கள், எல்லாம் கல். ஒரு சதுக்கத்தில் குளிக்கிற இடத்துக்குச் சீட்டு விற்றார்கள், வழிகாட்டி கூட்டிக்கொண்டு போகிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பசி. திரும்பி வந்துவிட்டோம்.

வந்ததும் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். புளிச்சோற்றுக்கு மோர்மிளகாய் இல்லையா என்று கேட்டேன். பொரித்த மிளகாய் டப்பா ஏற்கெனவே காலி. அக்கா ஒரு நிமிடம் பாலத்தைப் பார்த்தார். பிறகு தாச்சியை வைத்து எண்ணெய் ஊற்றினார். எனக்குப் பொரிக்கத் தொடங்கியதும் இன்னும் பன்னிரண்டு பேர் கோப்பையை நீட்டினார்கள். அது ஒரு இருபது நிமிடம் தின்றிருக்கும். மிளகாய் நன்றாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

ஒன்றே முக்காலுக்கு நாற்பத்தொன்பதாவது கோப்பையும் போனது. பெரிய பிளாஸ்கில் பின்னேரத் தேநீரை ஊற்றி மூடி, பஸ்ஸுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். கிடாரங்கள் கழுவாமல் கிடந்தன. அவர் கைகளை ஏப்ரனில் துடைத்தார். ஒன்பது வருடத்தில் அவர் கழுவாமல் விட்டது அந்த ஒருநாள்தான்.

"தம்பி, நான் போயிட்டு வாறன்" என்றார்.

சுகந்தன் ஹோட்டல்காரனோடு போனில் பேசிக்கொண்டு நின்றான். கையை உயர்த்தினான். அக்கா அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டார். அவன் 'கொஞ்சம் பொறுங்கோ' என்ற கருத்தில் உயர்த்தினானாம், யாருக்கு என்று பார்க்கவும் இல்லையாம். இதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

பாலத்தைக் கடக்க அக்காவுக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. முழங்கால் காரணம் பாதி, நின்று நின்று பார்த்தது மீதி. இரண்டு மணிச் சுற்றுக்குச் சீட்டு வாங்கினார். வழிகாட்டியாக வந்தது ஆனைஸ் என்ற பெண். பிரான்சிலுள்ள பெர்ப்பினியான் பக்கத்துப் பிள்ளை, பிரெஞ்சு பேசினாள். அக்காவோடு மூன்று பிரெஞ்சுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆனைஸ் ஒரு சாவியால் கதவைத் திறந்து அவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றங்கரைப் பக்கமாக இறங்குகிற கல்படிகள். அக்கா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார்.

அடியில் கல் வளைவுக் கூரையோடு ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு தொட்டி. அந்த ஊரில் முன்னொரு காலம் வாழ்ந்த யூதர்கள் சடங்குக்காக முழுகிய இடம் அது. பிற்காலத்தில் மண்ணுக்குள் மறைந்துபோய், ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் ஒருவர் கிணறு தோண்டப் போன இடத்தில் வெளிப்பட்டதாம். மாதவிலக்கு முடிந்த பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள் இங்கே வந்து தலைமுழுகிய பிறகுதான் வீட்டில் மற்றவர்களோடு சேருவார்கள் என்று ஆனைஸ் சொன்னாள். பிரெஞ்சுக்காரிகள் மூன்று பேருக்கும் அது விளங்கவில்லை, ஏன் ஏன் என்று கேட்டார்கள். அக்காவுக்கு முதல் சொல்லிலேயே விளங்கிவிட்டது.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். சட்டி கழுவிய காலத்துப் பிரெஞ்சில், "இவ்வளவு தண்ணியை ஆர் அள்ளி ஊத்தினது?"

ஒருவரும் இல்லை, என்றாள் ஆனைஸ். அள்ளி ஊற்றிய தண்ணீர் ஆகாது. நிலத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ தானாக ஊறி வர வேண்டும், அதுதான் விதி.

"எனக்கு அது நல்லாப் பிடிச்சுது" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். "ஒருத்தியைத் தண்ணி அள்ள விட்டிட்டு மற்ற ஆக்கள் குளிக்கிற இடமில்லை."

இறங்குவதை விட ஏறுவது கஷ்டமாக இருந்தது. ஆனைஸ் கை கொடுத்தாள். மேலே வந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து.

பஸ் சரியாக இரண்டரைக்குப் போய்விட்டது. சாரதிகளின் வேலைநேரம் முடிவதற்குள் கடற்கரைப் பக்கத்து ஹோட்டலை அடைந்தாக வேண்டும், அதில் சட்டத்துக்கு இரக்கம் கிடையாது. சுகந்தன் எண்ணினான், நாற்பத்தொன்பது சரி. கழுவாத கிடாரங்களைத் தூக்கி அடிப்பெட்டியில் ஏற்றியதில் நானும் ஒருவன். என் வெள்ளைச் சேட்டில் குழம்பு பட்டது. "கழுவாமல் விட்டிட்டு இந்த மனிசி எங்கை போனது?" என்று நான் எரிந்து விழுந்தேன். கேள்வி சரியான கேள்வி. நான் அதை எரிச்சலுக்குத்தான் கேட்டேன், பதிலுக்குக் கேட்கவில்லை.

"பின்னாலை படுத்திருப்பா, பாவம், களைச்சுப் போனா" என்றாள் கோசலை. நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினேன்.

அக்கா தரிப்பிடத்துக்கு வந்து பார்த்தபோது பஸ் நின்ற இடத்தில் எண்ணெய் ஈரம் மட்டும் இருந்தது. கைப்பை பஸ்ஸுக்குள். கையில் போனும் இடுப்பில் ஒரு சின்னப் பேர்ஸும். போனை எடுத்துச் சுகந்தனின் இலக்கத்தைத் திறந்தார். அழுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "எப்ப தெரிய வருதெண்டு பாப்பம் எண்டுதான்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை.

திரும்பிப் பாலத்துக்கு நடந்து, நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணியாயிற்று. மூன்றரையாயிற்று. ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். எழுந்து ஊருக்குள் போய் அங்கிருந்த ஒரு பழைய மடாலயக் கோயிலின் வாசல் வரை பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலம் கேட்டவருக்கு முழுப் பின்னேரமும் கிடைத்துவிட்டது. அதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். இடையிடையே போனைப் பார்க்கும்போதுதான் இல்லாமல் போனதாம்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது. சுகந்தன்.

"அக்கா, தேத்தண்ணிப் பிளாஸ்க் எங்கை வைச்சனீங்கள்?"

"கடைசி சீற்றுக்குக் கீழை" என்றார் அக்கா.

"சரி அக்கா." வைத்துவிட்டான்.

நாங்கள் ஹோட்டல் வாசலில் பேப்பர்க் கப்புகளோடு நின்றோம். சாரதிகளில் ஒருவர் பிளாஸ்கைக் கொண்டுவந்து வைத்தார். யாரோ சீனி எங்கே என்றார்கள். சுகந்தன் மறுபடி போனை எடுத்தான்.

"அக்கா, சீனி?"

"மஞ்சள் வாளிக்குள்ளை. மூடி இறுக்கம், பாத்துத் திறவும்."

சீனி வந்தது. தேநீர் குடித்தோம். நானும் குடித்தேன். பிறகு விரதக்காரருக்கு இரவுச் சாப்பாடு எப்படி என்று ஒருவர் கேட்டபோதுதான் சுகந்தன் அக்காவைக் கூப்பிடப் பஸ்ஸுக்குள் ஏறினான். இறங்கி வரும்போது அவன் கையில் அக்காவின் கைப்பை இருந்தது.

மூன்றாவது முறை போன் எடுத்தான். "அக்கா, நீங்கள் எங்கை நிக்கிறீங்கள்?"

"பாலத்திலை."

"எந்தப் பாலத்திலை?"

"பெசாலுவிலை."

அவன் ஹோட்டல் படியில் உட்கார்ந்துவிட்டான். "ஏன் அக்கா ஒரு போன் அடிக்கேல்லை? ரெண்டு தரம் கதைச்சனான், அப்பவும் சொல்லேல்லையே?"

"நீர் எண்ணிப் பாத்துத்தானே வெளிக்கிட்டனீர், தம்பி" என்றார் அக்கா.

ஒரு டாக்சி பிடித்தோம். "அண்ணை, நீங்களும் வாங்கோ, தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றான் சுகந்தன். மறுக்க எனக்கு முகம் இல்லை. போகும் வழியெல்லாம் அவன் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். "சொல்லாமல் போகலாமோ அக்கா" என்று தொடங்கிப் பார்த்தான். பிறகு வேறு மாதிரித் தொடங்கினான். கடைசியில் அதையும் விட்டான்.

அக்கா பாலத்திலேயே இருந்தார். பக்கத்தில் ஆனைஸ். வேலை முடிந்து போகிற வழியில் கண்டு, தனியே விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டாளாம். எங்களைக் கண்டதும் எழுந்து, "கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலமாக இங்கே இருக்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அக்காவின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டு விடைபெற்றாள். எங்களுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை. "காலமை இதாலைதானே போனனீங்கள்" என்றார் என்னிடம். "இந்தப் பாலம் நேரா இல்லை. நடுவிலை வளையுது. கண்டனீங்களோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், பாலம் நடுவில் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் போகிறது. பதினேழு படத்திலும் நான் அதைக் காணவில்லை.

"ஆத்துக்குள்ளை எங்கெங்கை பாறை கிடந்ததோ அங்கங்கைதான் தூணை வைச்சவையாம். அதாலைதான் வளைவு. சண்டைக் காலத்திலை உடைச்சவையாம், பிறகு திருப்பிக் கட்டினதாம்." சொல்லி முடித்துவிட்டு எழும்பக் கையை நீட்டினார். சுகந்தன் பிடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். அக்கா அதைக் கண்டும் காணாதவர் போல நடந்தார்.

அன்றிரவு நாற்பத்தொன்பது பேரும் ஹோட்டலில் பீட்சா சாப்பிட்டோம். விரதக்காரர் சீஸ் பீட்சா.

மூன்று கிழமை கழித்து அக்கா சுகந்தனின் கடைக்கு வந்தார். நான் போனுக்குக் காசு போட நின்றேன். மேசையில் அடுத்த பயணத்துக்குப் பெயர் எழுதும் கொப்பி இருந்தது, நாற்பத்தொன்பதும் நிரம்பிவிட்டது. டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு வெனிஸ். சாமான் விபரம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து அவன் வேறொரு கடதாசியை எடுத்தான்.

"அதில்லை. அந்தக் கொப்பியிலை என்னையும் எழுதும்" என்றார் அக்கா.

"நீங்கள் எப்படியும் வாறீங்கள்தானே அக்கா."

"சமைக்க வாறன். அது வேறை. பஸ்ஸிலை வாற ஆக்களிலை ஒரு ஆளா எழுதும். கோப்பையும் ஐம்பது வைப்பன்."

"அதுக்கென்ன அக்கா" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டு கொப்பியை இழுத்தான். பட்டியலின் அடியில் 50 என்று போட்டான். பக்கத்தில் பேனையை வைத்தான். பேனை அங்கேயே நின்றது. ஹோட்டலுக்குப் பெயர் கொடுக்கிற கடதாசி வேலை எல்லாம் அவன் மனைவி பார்ப்பது. அவனுடைய போனில் அவர் 'சமையல் அக்கா'. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்பது வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் நான், அவருடைய தோட்டுக்குச் சுரை மாற்றிக் கொடுத்தவன் நான். எனக்கும் தெரியவில்லை. இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறகு சுகந்தனின் விரல்களிலிருந்து பேனையை எடுத்து, கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, குண்டுக் குண்டு எழுத்தில் எழுதினார்.

தில்லைநாயகி.